கறுப்பு வயர் கடைசியில்

"சார்... வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

கதவைத் திறந்ததும் மேனுவல் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடி வீட்டுப் பல் டாக்டர் அசடு வழிய நின்றிருந்தார்.

"மறுபடியும் லைட்டை அணைக்காம வந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன் சார்."

"புது பேட்டரி. மெருகுகூடக் கலையல. அதுக்குள்ள அதையும் சாகடிச்சாச்சு."

மேனுவல் சார் என்பது அந்தக் குடியிருப்பு அவருக்கு வைத்த பெயர். மிக்ஸி வாங்கினாலும், கூட வரும் மேனுவல் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருகுவார். மனைவி தவறிய பிறகு அவர் யார் கண்ணிலும் படுவதில்லை. பால் எடுக்க மட்டும் கதவு திறக்கும். அப்புறம் பாலையும் நிறுத்திவிட்டார். மகள் போன் செய்தால், "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

அப்படி அக்கடா என்று கிடந்த மனுஷனை இந்த டாக்டர் விட்டால்தானே!

மேனுவல் சார் ஜம்பர் கேபிள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தன் காரை டாக்டர் காரின் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ரெண்டு வண்டியும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது. ரெண்டும் ஆஃப்ல இருக்கணும். ஹேண்ட் பிரேக்?"

"போட்டாச்சு சார்."

"கியர்?"

"நியூட்ரல்."

"ஆட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க. வாயால சொன்னா வண்டிக்குக் கேக்காது."

டாக்டர் ஆட்டிப் பார்த்தார்.

"சிவப்பு முதல்ல. உங்க பேட்டரி பிளஸ், அப்புறம் என் பேட்டரி பிளஸ். இப்ப கறுப்பு, என் மைனஸ்ல. கடைசி கறுப்பு எங்கே?"

டாக்டர் அதை நேராகத் தன் பேட்டரியின் மைனஸுக்கே கொண்டுபோனார்.

"ஐயையோ! பேட்டரிகிட்ட பொறி பறந்தா என்னத்துக்கு ஆகும்? தள்ளி, இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல மாட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். பல்லையும் இப்படித்தான் மாத்தி மாத்திப் பிடுங்குவீங்களா?"

"எப்பவாவதுதான் சார்."

மேனுவல் சாருக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்துக்கொண்டார்.

தன் வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டார். செத்த பேட்டரிக்கு உயிர் ஏற வேண்டுமே. அந்தக் கொஞ்ச நேரமும் டாக்டருக்கு வாய் மூடாது. ஊசியைப் பார்த்ததும் கழுத்துத் துணியோடு தெருவில் ஓடிய போலீஸ்காரர் கதை, சண்டை போடாமல் கிளினிக் படியேறாத ஒரு மாமியார் மருமகள் கதை. ஆரம்பத்தில் மேனுவல் சார் "ம்" மட்டும் கொட்டுவார். இப்போதெல்லாம், "அப்புறம் அந்த மருமக வந்தாளா?" என்று அவரே கேட்டுவிடுகிறார்.

"சரி, கிளட்சை முழுசா மிதிங்க. சாவியைத் திருப்புங்க. பிடிச்ச உடனே கையை விட்டுடணும், திருகிக்கிட்டே இருக்கக் கூடாது."

பிடித்தது.

"கழட்டறது தலைகீழ் வரிசை. கடைசியா மாட்டின கறுப்புதான் முதல்ல வரணும்."

அன்றைக்கே மேனுவல் சார், 'விளக்கை அணை' என்று கொட்டை எழுத்தில் எழுதி டாக்டர் காரின் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவைத்தார். மறுநாள் காலையில் டாக்டர் வந்து கதவைத் தட்டினார்.

"எழுதி ஒட்டியிருக்கேனே, பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். கையெழுத்து அழகா இருக்கு."

இந்த மனுஷனை என்ன செய்வது?

பிறகு ஒரு நாள் கதவைத் தட்டியது டாக்டரின் மனைவி.

"அண்ணா, வண்டி..."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கீழே போய், இரண்டு வண்டியையும் சரிபார்த்து, வரிசை பிசகாமல் மாட்டி, டாக்டர் காரில் அவரே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கினார்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரரை. ஓடுற வண்டியை விட்டுட்டு எங்கே போனார்?"

"காய்ச்சல்ணா. போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கார்."

"அப்ப நீங்க ஓட்டப்போறீங்களா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணா."

"பின்னே வண்டி எங்கே போகுது?"

"எங்கேயும் போகல."

மேனுவல் சார் வண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேயும் போகாத வண்டிக்கு என்னை எதுக்கும்மா இறக்கினீங்க?"

அவருக்கு வந்ததே கோபம்!

"நல்லாக் கேட்டுக்கோங்க. இப்படி ஒரு பொறுப்பில்லாத ஆளை என் ஆயுசுல பார்த்ததில்ல. நோயாளி காத்துக்கிட்டு இருப்பானேன்னு இல்ல, அடுத்தவனைத் தொந்தரவு பண்றோமேன்னு இல்ல. இனிமே யாரும் என் கதவைத் தட்ட வேண்டாம். நான் சொன்னேன்னே அவர்கிட்ட சொல்லுங்க."

இன்ஜினை அணைத்தார். கறுப்பை முதலில் கழற்றினார். கேபிளை விறுவிறு என்று சுருட்ட ஆரம்பித்தார்.

அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவருக்கு மறதியெல்லாம் கிடையாதுண்ணா. நேத்து ராத்திரி எழுந்திருக்க முடியாம, என்னைக் கீழே அனுப்பி லைட்டைப் போட்டுட்டு வரச் சொன்னார். 'வண்டி பாட்டுக்கு ஸ்டார்ட் ஆயிட்டா, காலைல சாரை என்ன சொல்லி வெளியே கூட்டிட்டு வர்றது'ன்னு."