பதினேழு

வில்மரின் கழுத்தில் ‘17’ என்று பச்சை குத்தியிருந்தது. கொலரை எவ்வளவு இழுத்துவிட்டாலும் அது எட்டிப் பார்த்தது.

“அண்ணை, உவன் கும்பல்காரன். எல் சல்வடோரில உவையள் இப்பிடித்தான் நம்பர் குத்துறவையாம், போனில பாத்தனான்” என்றாள் வதனா. துபாய் சத்வாவில் மூவரும் வேலை செய்த உணவகத்தின் பில் கவுண்டர் அவளுடையது. “நான் உவனோட டியூட்டி செய்யமாட்டன். மனேஜரிட்டச் சொல்லுங்கோ.”

சொன்னால் அன்றைக்கே வில்மரின் விசா ரத்தாகும். சூப்பர்வைசர் தாரகன் தயங்கினான். “முதல்ல அவனைக் கேப்பம், தங்கச்சி.”

“பயமோ? வவுனியா ஆக்கள் எல்லாரும் இப்பிடியோ?” வதனா சிரித்தாள். “ஆனா உங்கட கதையைக் கேட்டா எங்கட யாழ்ப்பாணப் பக்கத்து ஆள் மாதிரியெல்லோ கிடக்கு!”

“வவுனியாதான்” என்றான் தாரகன் அவசரமாக.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் வில்மரைக் கூப்பிட்டார்கள். வதனாவுக்கு ஆங்கிலம் குறைவு, தாரகன்தான் மொழிபெயர்த்தான். அந்த எண்ணைப் பற்றிக் கேட்கையில் அவனுக்கு நாக் கூசியது. வில்மரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வில்மர் கோபப்படவில்லை. பதினேழு அவனுடைய தம்பியின் வயது. கும்பலில் சேரமாட்டேன் என்றதற்காகத் தெருவில் வைத்தே கொன்றுவிட்டார்கள். மிஞ்சிய பிள்ளையைத் தாய் கடல் தாண்டி அனுப்பிவிட்டாள்.

வதனா முகத்தைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, என்ர வாய்! மன்னிக்கச் சொல்லுங்கோ அண்ணை. என்ர தம்பி ரஜிதனையும் கோண்டாவில் சந்தியில வாளோட வந்த பெடியள்தான் வெட்டிச் சாக்காட்டினவங்கள். அதையும் சொல்லுங்கோ.”

தாரகன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

“சொல்லுங்கோவன்!”

சொன்னான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. வில்மர் மெல்லத் தலையசைத்தான்.

“தன்ர தம்பியைச் சாக்காட்டினவங்களில ஒருத்தனை இப்ப கண்டா என்ன செய்வானாம்? கேளுங்கோ.”

வில்மர் பதில் சொன்னான்.

“அடிக்கமாட்டானாம்” என்றான் தாரகன். “தம்பி கடைசியா என்ன சொன்னவன் எண்டு மட்டும் கேப்பானாம்.”

வதனா கண்ணைத் துடைத்தாள். “நானும் அதைத்தான் கேப்பன்.”

தாரகன் நிமிர்ந்தான். இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

“‘அக்கா’ எண்டுதான் கத்தினவன், தங்கச்சி.”