நூல் சுற்றிய பிரேக்

இர்பான் சாவியை நீட்டினார். வாசு கை நீட்டவில்லை.

மௌலா அலி மலைக்குக் கீழே, இர்பானின் கார் ஷெட்டின் வாசலில், அறுபத்திரண்டாம் வருடத்து ஃபியட் புதுச் சாம்பல் நிறத்தில் நின்றிருந்தது.

பழைய கார்களை ஓட வைப்பதில் ஊரில் பெயர் வாங்கியவர் இர்பான். பூர்வீகம் வாணியம்பாடி. நசுங்கிக் கிடந்த முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, இஞ்சினை இறக்கி ஏற்றிப் பதினோரு மாதம் உழைத்திருந்தார்.

அனந்தகிருஷ்ணன் மகன் வாசுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசு ஸ்டியரிங்கைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது. சிகாகோவில் ரயிலில்தான் வேலைக்குப் போகிறான்.

இரண்டாயிரத்தில், மெட்டுகுடா இறக்கத்தில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் இந்தக் கார் போய் மோதியபோது ஓட்டியவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா லலிதாம்பாள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டாள்.

பிள்ளை கண்மண் தெரியாமல் ஓட்டிவிட்டான் என்று பதிமூன்றாம் நாள் உறவுக்காரர்கள் நடுவே அனந்தகிருஷ்ணன் சொன்னார். வாசு மறுக்கவில்லை. அடுத்த மாதமே அமெரிக்கா கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு போனில் அப்பாவும் பிள்ளையும் உடம்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள்.

காரை விற்க அவருக்கு மனம் வரவில்லை. குஷாய்குடா தொழிற்சாலையிலிருந்து ரிட்டயரானதும் தானே சரிசெய்ய உட்கார்ந்தார். சீட்டும் விளக்குகளும் கைக்கு வந்தன. மற்றது வரவில்லை. இர்பானிடம் கொண்டுவந்து விட்டார்.

இரண்டு மாதம் முன்பு இர்பான் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டார். பிரேக் குழாய் இணைப்பில், செப்பு வாஷர் இருக்க வேண்டிய இடத்தில், நூல் சுற்றியிருந்தது.

"யாரு சாப் இந்த வேலை பார்த்தது? மெதுவா மிதிச்சா நிக்கும். அவசரத்துல ஓங்கி மிதிச்சா ஆயில் பூரா வெளிய போயிடும்."

யாரோ ரோட்டோர மெக்கானிக் என்று சொல்லிவிட்டார் அனந்தகிருஷ்ணன்.

விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாஷர் கிடைக்காமல், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல் நூலைச் சுற்றி முடுக்கியவர் அவர்தான்.

இர்பான் அந்த நூலைக் காட்டிய நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகன் லீவில் வரும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

வாசு ஒருவழியாகச் சாவியை வாங்கினான். கதவைத் திறந்தான். ஒரு காலை உள்ளே வைத்தவன் அப்படியே நின்றான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

இப்போது எல்லாம் புதுக் குழாய். இர்பான் நாலு முறை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. அனந்தகிருஷ்ணன் வாயைத் திறக்காவிட்டால் இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். தப்பு உன்மேல் இல்லை, அந்த பிரேக்கில் கைவைத்தது நான் என்று சொன்னார். நூலைப் பற்றியும் சொன்னார்.

இர்பான் தலையைக் குனிந்துகொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

வாசு காலை வெளியே எடுத்தான்.

"பெடல் உள்ளே போனப்பவே தெரியும்ப்பா. நீ பிரேக்கைக் கழட்டி மாட்டினதை நானும் அம்மாவும் பார்த்துண்டுதானே இருந்தோம்."

பிறகு ஏன் இத்தனை வருஷம் பழியைச் சுமந்தாய் என்று கேட்டார்.

வாசு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல போறச்சே அம்மாவுக்கு நினைவு இருந்தது. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதேடான்னா."