மஞ்சள் பின்

வீடியோ கேமில் தோற்றவர்தான் வயரைப் பிடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே இந்த வீட்டுச் சட்டம் அது. பஸ் டிரைவரான தம்பி இன்றைக்கும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, பழைய டிவிக்குப் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு கை டிவிக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவே, வயரின் மஞ்சள் பின்னை லேசாக மேல்நோக்கி அழுத்தியபடி இருக்கிறது. சத்தத்துக்கான சிவப்பும் வெள்ளையும் சமர்த்தாக நிற்கின்றன. படத்துக்கான மஞ்சள்தான் எப்போதும் ஆட்டம் காட்டும். விரலை எடுத்தால் திரை இருண்டுவிடும். டிவியின் முதுகுச் சூடு அவன் மணிக்கட்டில் இதமாகப் படுகிறது. ஜன்னல் வழியே வரும் மாலை வெயில், வயர்ச் சுருளின் நிழலைத் தரையில் பெரிதாக்கிக் காட்டுகிறது. எதிரே, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாத அக்கா, வளைவு வரும்போதெல்லாம் திரையில் ஓடும் காரோடு சேர்ந்து தானும் சாய்கிறாள். இன்னும் ஒரு சுற்று போனால் போன வாரம் அவன் போட்ட ரெக்கார்டு காலி. ஒன்றும் தெரியாதவன்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவன் விரலை எடுக்கிறான். படம் போகவில்லை. கார் தன் பாட்டுக்கு ஓடுகிறது. “நீ விரலை எடுப்பேன்னு தெரியும்டா,” என்கிறாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “காலையிலேயே காகிதத்தை மடிச்சு பின் இடுக்குல சொருகிட்டேன்.” “அப்புறம் எதுக்கு என்னை இங்க உட்கார வச்சே?” “தோத்தவன் வேற எங்க உட்காருவான்?” கார் கோட்டைத் தாண்டுகிறது. அவன் விரல் தானாகவே திரும்பிப் போய் மஞ்சள் பின்னைப் பிடித்துக்கொள்கிறது.