வேலிக்கு இந்தப் பக்கம்

பெட்டி இங்கே இருக்கிறது. தேனீக்கள் அங்கே இருக்கின்றன.

எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை.

முந்தாநாள் நன்றாக இருட்டிய பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்கள். இருட்டிவிட்டால் ஈக்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும். வாசல் துளையில் துணியை அடைத்து, ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் கணவன் அருளப்பனுமாகப் பிடித்து, அலுங்காமல் புது வேலியைத் தாண்டிக் கொண்டுவந்து முருங்கையடியில் வைத்தார்கள்.

கூப்பிடு தூரம்கூட இல்லை.

காலையில் வெயில் ஏறியதும் துணியை உருவினாள். ஈக்கள் வெளியே வந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேயப் போயின. மேய்ந்துவிட்டு, நேராகப் பழைய இடத்துக்கே போயின.

அங்கே பெட்டி இல்லை. அதனால் பக்கத்தில் இருந்த திராட்சைப் பந்தலின் கல்தூணில் கொத்தாகத் தொங்கின.

அந்தக் கல்தூண் இப்போது கொழுந்தன் பிலவேந்திரனுடையது. போன மாதம் அண்ணனும் தம்பியும் திராட்சைத் தோட்டத்தைப் பிரித்துக்கொண்டபோது பெட்டி இருந்த இடம் தம்பி பங்குக்குப் போய்விட்டது.

மார்கழிக் குளிரில் வெளியே தொங்கினால் விடிவதற்குள் விறைத்து உதிர்ந்துவிடும். சாயங்காலம் அரிசி புடைக்கிற சுளகைப் பிடித்து, கோழி இறகால் தள்ளித் தள்ளி, எல்லாவற்றையும் அள்ளி வந்து பெட்டிக்குள் கொட்டினாள்.

மறுநாள் காலை, மறுபடியும் கல்தூண்.

மறுபடியும் சுளகு.

ஈ கொட்டி அவள் கட்டைவிரல் வீங்கியிருந்தது. அடுப்பில் பானைக்குள் பானை வைத்து உருக்கிய தேன்மெழுகு, அவள் திரும்பி வருவதற்குள் மூன்றாவது முறையாக உறைந்திருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய மெழுகுவர்த்தியில் பாதிகூட ஊற்றி முடியவில்லை.

"பேசாம பெட்டிய அங்கிட்டே வச்சிருவமா?" என்றான் அருளப்பன்.

அவள் சுளகைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

தட்டும்போது ஒன்று விளங்கியது. ஈக்குப் பெட்டி முக்கியமில்லை. பெட்டி இருந்த இடம்தான் அதற்கு வீடு. ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்திருந்தால் சிக்கலே இல்லை. வெளியே வந்ததும் எல்லாம் புதிதாக இருக்கும். நின்று பார்த்துப் பாதை படித்துக்கொள்ளும். இங்கே அதே தென்னை, அதே தண்ணீர்த்தொட்டி, அதே பந்தல். தெரிந்த ஊரில் யாராவது நின்று பார்ப்பார்களா?

கொஞ்சம் நகர்த்தியதுதான் தப்பு.

விளங்கியதே தவிர, வழி விளங்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் அவர்களுக்கு ஏது நிலம்?

வேலிக்கு அந்தப் பக்கம் பிலவேந்திரன் வந்து நின்றான். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து அவன் பந்தல் மொட்டையாகக் கிடந்தது.

"என்ன மதினி, பங்கு பிரிச்சது ஒங்க ஈக்குத் தெரியாதாக்கும்?"

"ஒங்க அண்ணனுக்கே இன்னும் தெரியல கொழுந்தனாரே. ஈக்கு எங்கிட்டுத் தெரியப்போகுது?"

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"நாளைக்குக் காலையில மருந்தடிக்கணும். மெஷினுக்குச் சொல்லியாச்சு. தள்ளிப் போட்டா தளிரு பிந்திப்போகும் மதினி."

மருந்தடித்தால் கல்தூணில் தொங்குவதெல்லாம் சாகும். பெட்டிக்குள் ராணியும் புழுக்களும் இருக்கும். இரை கொண்டுவர ஆள் இருக்காது. ஒரு வாரத்தில் அதுவும் முடிந்துவிடும்.

அன்று சாயங்காலமும் சுளகோடு போய் அள்ளிவந்து, வாசல் துளையில் துணியை அடைத்தாள்.

விடிந்தது. பனி விலகவில்லை. வெயில் படும்வரை ஈக்கள் வெளியே வராது. பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து, துணி அடைத்த துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருளப்பன் எழுந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லைப் பாதையில் நடந்தான். தம்பி பங்கில் இருக்கும் மோட்டார் ரூமுக்குத்தான். அதன் படியில் உட்கார்ந்து, தம்பியோடு கடுங்காப்பி குடித்தால்தான் அவனுக்குப் பொழுது விடியும். பங்கு பிரித்த மறுநாளும் போனான். எல்லா நாளும் போனான். வீட்டில் போட்ட காப்பி ஆறிப்போகும்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

பாதை வேலியைத் தாண்டும் இடத்தில் அவன் நின்றுவிட்டான்.

இத்தனை நாள் திறந்து கிடந்த சந்தில் கருவேல முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தது. புதிதாக வெட்டியது. இலைகூட வாடவில்லை.

முள்ளைப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

பிறகு மெல்லத் திரும்பினான்.

திரும்பி நின்று, தன் வீட்டைப் பார்த்தான். தகரக் கூரையை. அடுப்புப் புகையை. முருங்கையை. அவளை. முதல் தடவை இந்த இடத்துக்கு வந்தவன்போல ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

அவள் எழுந்துகொண்டாள்.

முருங்கையில் கைக்கு எட்டிய ஒரு கிளையை, இலையோடு, ஒடித்தாள். பெட்டியின் வாசல் மறையும்படி சாய்த்து வைத்தாள். துணியை உருவினாள்.

வெயில் வந்தது. முதல் ஈ வெளியே வந்து, இலையில் முட்டிக்கொண்டது. தடுமாறியது. இலைமேல் ஏறி நடந்து விளிம்புக்கு வந்தது. பறந்ததும் போய்விடவில்லை. பெட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி, காற்றில் நின்றது. சின்னதாக ஒரு வட்டம் அடித்தது. பிறகு கொஞ்சம் பெரிய வட்டம். முருங்கையையும் சேர்த்து இன்னொரு வட்டம்.

அடுத்ததும் அப்படியே முட்டியது. அப்படியே திரும்பிப் பார்த்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மருந்து மெஷின் உறுமத் தொடங்கியது. கல்தூண் வெறுமையாக நின்றது.

அருளப்பன் அவளுக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்தான்.

"என்ன செஞ்ச?"

பெட்டியை நகர்த்தினால் மட்டும் போதாது என்றாள். வாசலில் ஒரு கிளையைக் குறுக்கே போட வேண்டும்.