மூன்று மணி குக்கர்

மதியச் சாப்பாடு முடிந்ததும் மருமகள் எலக்ட்ரிக் குக்கரின் பாத்திரத்தைப் பளிச்சென்று கழுவினாள். அடிப்பக்கத்தை ஈரமில்லாமல் துணியால் துடைத்தாள். மூடியில் ஆவி போகும் துளையைக்கூடக் குச்சியால் குடைந்து சுத்தம் செய்தாள். சரியாக மூன்று மணிக்கு மறுபடியும் சுவிட்சைப் போட்டுவிட்டு, பூனை மாதிரி நடந்து அறைக்குள் போய்விட்டாள்.

முந்தாநாள் வந்திறங்கிய மாமியார் இதைக் கவனித்துக்கொண்டேயிருந்தாள்.

"உன் பொண்டாட்டி தனியா என்னமோ ஆக்கிச் சாப்பிடுறாடா. நம்ம கண்ணுலயே காட்டுறதில்ல," என்றாள் மகனிடம்.

"மெதுவாப் பேசும்மா. எழுந்ததும் சொல்றேன்."

"பொண்டாட்டின்னா அவ்வளவு பயமா உனக்கு?"

அதற்குள் சோபாவிலேயே அவன் தூங்கிப்போயிருந்தான். குக்கர் தளதளவென்று கொதிக்க, மூடி தாளம் போட்டது. ஜன்னல் வெயிலில் ஆவி மெல்ல மிதந்தது. வீடே கண் செருகிக் கிடந்தது. மாமியாருக்கும் கொட்டாவி வந்தது.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அடுப்படிக்குப் போனாள். சுவிட்சை அணைத்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே வெறும் தண்ணீர்.

அறைக்குள்ளிருந்து வீலென்று ஓர் அழுகை கிளம்பியது. மருமகள் மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"வயித்துல இருந்தப்ப இந்த மேடையில சாஞ்சுக்கிட்டுதான் சமைப்பேன் அத்தை. இப்பவும் இந்தச் சத்தம் கேட்டாத்தான் தூங்குறா."

மாமியார் மூடியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டாள். மூடி மறுபடி தாளம் போடத் தொடங்கியதும் பேத்தியின் அழுகை தேய்ந்து நின்றது.

"இன்னும் ஒரு டம்ளர் ஊத்தட்டுமா?" என்றாள் மாமியார், கிசுகிசுப்பாக.