இன்னா தெரியுது, சொல்லு

உப்பளத்து வரப்பின் நடுவில் சத்யப்ரியா லாரியை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துன?" இடது சீட்டிலிருந்து மரியதாஸ் கேட்டார். "இன்னா தெரியுது, சொல்லு."

எட்டு மாதமாக இந்த ஒரே கேள்வியைத்தான் அவள் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

வண்டி பழகுகிறவள் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். வளைவு வந்தால் வளைவு என்று. ஆடு வந்தால் ஆடு என்று. திண்டிவனம் சிக்னலில் என்ன கலர் என்று கேட்பார், எல்.கே.ஜி. பிள்ளையைக் கேட்பதுபோல. கொஞ்சம் தாமதித்தால் போதும். "கண்ணு முதுகுலயா இருக்குது? பொம்பள கையில ஸ்டீயரிங்கக் குடுத்தா இப்படித்தான்."

டீக்கடையில் மற்ற டிரைவர்கள் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்துவிட்டார்கள். "இன்னாம்மா, ரேடியோவ ஆஃப் பண்ணிட்டியா?" என்பார்கள், அவள் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது.

ஹெவி லைசென்ஸ் அவள் பையில் இருந்தது. ஆனால் சரி என்று மரியதாஸ் ஒரு வார்த்தை சொன்னால்தான் முதலாளி இன்னொரு லாரியின் சாவியைக் கொடுப்பார். அதுவரை இந்த லாரிக்கு அவர் டிரைவர், அவளுக்குப் பேர் கிளீனர். கூலியும் கிளீனர் கூலி.

இன்று காலையும் முதலாளி கேட்டார், தேறிடுச்சா என்று. மரியதாஸ் கூலிங் கிளாஸை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இன்னும் கை படியல மொதலாளி. ஒரு வருஷம் ஆவும்."



லாரிக்கு முன்னால் ஆறு பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு நின்றிருந்தார்கள். வரப்பு ஒரு லாரி அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்தி, ஒதுங்க இடமில்லை. முதல் ஆளாக முத்தம்மாள். போன வருஷம்வரை அவளும் சத்யப்ரியாவும் ஒரே பாத்தியில் உப்பு வாரியவர்கள். கூடையிலிருந்து கழுத்தில் தண்ணீர் வடிய, வெற்றிலைப் பல் தெரியச் சிரித்து, மேல ஏத்துடி பார்க்கலாம் என்பதுபோல இடுப்பில் கை வைத்து நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தால் பானெட்டைத் தொட்டுவிடலாம்.

இதையுமா? கண்ணெதிரே குத்துக்கல்லாக நிற்கிறவர்களையும் இந்த ஆளுக்கு நான் ஒப்பிக்க வேண்டுமா?

"ஒண்ணுமில்ல," என்றாள். "வழி காலியாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கத்தட்டும். திருப்பிக் கத்துவதற்கு எட்டு மாதத்துப் பேச்சு அவளிடம் சேர்ந்திருந்தது. கத்திவிட்டு, சாவியைப் பிடுங்கி அவர் மடியில் எறிந்துவிட்டு, இறங்கிப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டாள்.

"அப்புறம் இன்னாத்துக்கு நிறுத்துன?" என்றார் மரியதாஸ். "எடு வண்டிய."



மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். முத்தம்மாளை. முத்தம்மாளின் சிரிப்பை.

"எடும்மா. லோடு ஏத்த வேணாமா?"

மழை நாளிலும் கழற்றாத கூலிங் கிளாஸ். வண்டியை விட்டு இறங்கினால் லாரியின் பாடியைத் தடவிக்கொண்டே நடப்பது. டயர் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். முதல் வாரத்திலேயே, நீதான பழகணும் என்று சொல்லி, முழு லோடோடு பெருமுக்கல் தாண்டி அவளையே ஓட்டவைத்தது. அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

முப்பது வருஷம் இந்த வெயிலில், இந்த உப்பு வெள்ளையைப் பார்த்தே ஓட்டிய கண். பாவம் என்று உள்ளே ஏதோ ஒன்று தலையை நீட்டியது. அவள் அதை அமுக்கினாள்.

என்ன பாவம்? எட்டு மாதமாக இந்த லாரியை ஓட்டியது யார்? டிரைவர் கூலியை வாங்கிப் பையில் போட்டது யார்? கை படியவில்லையாம். தேறிவிட்டாள் என்று சொன்னால் அவள் வேறு லாரிக்குப் போய்விடுவாள். அப்புறம் இவருக்கு யார் பார்த்துச் சொல்வது?

என்ஜினை அணைத்தாள்.

"எத்தினி பேரு நிக்கிறாங்க, சொல்லுங்க."



"டீசல் தீந்துடுச்சாடி?" என்று வெளியே முத்தம்மாள் கத்த, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எத்தனை குரல் என்று அவர் காது தேடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாலு," என்றார்.

அவள் வெளியே நின்ற ஆறு பேரையும் ஒரு தரம் பார்த்தாள்.

"நல்லா ஓட்டுறம்மா நீ," என்றார் அவர், அவசரமாக. "சாயந்திரம் மொதலாளிகிட்ட சொல்லிடறேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

எட்டு மாதமாக இந்தச் சொல்லுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கிடைத்ததும் அதை அவர் முகத்திலேயே திருப்பி அடிக்க வேண்டும்போல் இருந்தது.

வண்டியை ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டாள். தலையில் பாரத்தோடு நிற்கிறவர்கள் முதலில் போகட்டும். இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, ஓரத்து மண் உதிராமல், வந்த வழியே பின்னால் எடுத்தாள். பாதியில் ஒரு ஆடு குறுக்கே நின்றது. பிரேக் போட்டு, ஹாரன் அடித்து, அது போனதும் மறுபடி நகர்ந்தாள். வளைவு வந்தது. திரும்பினாள்.

மரியதாஸ் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா தெரியுது?" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "சொல்லும்மா."

அவள் சொல்லவில்லை.