பதினேழு மணி நேர அப்பா

பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான்டி பேசறேன். குழாயைத் திறந்து விட்டிருக்கேன், வெளிய யாருக்கும் கேக்கக் கூடாது.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு. அதுதான்டி பயமா இருக்கு.

அம்மா ஸ்டூல்லருந்து விழுந்தது காலைல பத்து மணிக்கு. தொடை எலும்பு முறிஞ்சிடுச்சு. நாளைக்கு ஆபரேஷன். ஆம்புலன்ஸ்ல இருந்தே அப்பாவோட வெளிநாட்டு நம்பருக்குக் கூப்பிட்டு அழுதேன்.

"பதறாத கண்ணு, கிடைக்கிற ஃப்ளைட்டைப் பிடிச்சு வந்துடறேன்"னாரு.

ஒரு மணிக்கு வார்டு வாசல்ல நிக்கறாரு.

மூணே மணி நேரம்டி!

லீவுக்கு வரும்போதெல்லாம் சோபால சாஞ்சுக்கிட்டு அவரே அளந்த அளப்புதான். எட்டாயிரம் கிலோமீட்டர். நேர் ஃப்ளைட் கிடையாது. நடுவுல ஒரு ஊர்ல இறங்கி நாலு மணி நேரம் கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காரணும். எல்லாம் சேத்துப் பதினேழு மணி நேரம். என்னமோ இவரே றெக்கை கட்டிப் பறந்த மாதிரி.

இன்னிக்கு அந்த எட்டாயிரத்தையும் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்துட்டாரு போல.

வேஷம் வேற. கழுத்துல ஃப்ளைட்ல மாட்டிக்கற அந்தக் குட்டித் தலகாணி. பெட்டியில போன லீவுல ஏர்போர்ட்ல ஒட்டின ஸ்டிக்கர், ஓரமெல்லாம் கிழிஞ்சு தொங்குது. சட்டையில இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. குளிச்ச தலை கூட இன்னும் காயல.

இதுக்கு மாமா கண் கலங்கறாரு. "பாத்தியா, பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னதும் மனுஷன் பறந்து வந்துட்டாரு!"

மாமா கணக்கு வாத்தியார்டி. எதிரெதிரே வர்ற ரெண்டு ரயில் எத்தனை மணிக்குச் சந்திக்கும்னு சொல்லத் தெரியலன்னா பசங்களைப் பெஞ்சு மேல ஏத்தற ஆளு.

அத்தை ஜூஸ் பிழிஞ்சு நீட்டறாங்க, களைச்சிருப்பாராம். அவரும் வெக்கமே இல்லாம வாங்கிக் குடிச்சாரு.

வேலை போயிடுச்சா, இல்ல இதே ஊர்ல இன்னொரு குடும்பமா, தெரியல. எதுவா இருந்தாலும் பஸ்ஸுல போற தூரம்தான்.

அம்மாவுக்குப் பிரஷர் எகிறிக் கிடக்கு. ஆபரேஷன் முடியற வரைக்கும் மனசு பதறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவளுக்கு இது தெரிஞ்சிடக் கூடாதேன்னு நாள் பூரா அவ கட்டிலை விட்டு நான் நகரல.

சாயந்திரம் மாமாவுக்குத் திடீர்னு மூளை வேலை செஞ்சிடுச்சு. "ஆமா மாப்ளே, அங்கருந்து எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

அப்பா குனிஞ்சு பெட்டி ஸ்டிக்கரைத் தடவ ஆரம்பிச்சாரு.

அம்மா "ஐயோ, கால் போச்சே!"ன்னு அலறினா பாரு. மாமா நர்ஸைக் கூப்பிட ஓடினாரு, அத்தை டாக்டரைத் தேடி ஓடினாங்க. அந்தக் கேள்வி அப்படியே காத்துல போச்சு.

நான் அம்மா கையைப் பிடிச்சேன். அவ முகத்துல வலியே இல்லடி. மாமா போயாச்சான்னு கதவைப் பாத்துட்டு, அப்பாகிட்ட மெதுவா, "தலையைத் துவட்டிக்கிட்டாவது வரக் கூடாதா?"ன்னா.

பிடிச்சிருந்த அவ கையை விட்டுட்டேன்.

ரெண்டு வருஷமா நான் போனை எடுத்தாலே, "அப்பாவுக்கு அங்க இப்ப நடு ராத்திரி, தூங்கட்டும்"னு பிடுங்கி வைக்கிறது இவதான்.

அவர் நடிச்சது எதுக்குன்னு என்னைக்காவது கண்டுபிடிச்சிடுவேன். இவ எதுக்குடி கூட நின்னா?